செப்புத் தகட்டில் எஞ்சிய மாளிகை
ஹாம்ஸ்டெட் மார்ஷலும் ஓவியச் சான்றும்



இன்று நான் எடுத்துக்கொண்ட மாளிகையை இவ்வவையில் எவரும் கண்டதில்லை. இனிக் காணவும் இயலாது. இங்கிலாந்தின் பார்க்‌ஷியர் மாவட்டத்தில், நியூபரி நகருக்கு மேற்கே, கென்னட் ஆற்றை ஒட்டி ஹாம்ஸ்டெட் மார்ஷல் என்றொரு சிற்றூர் உண்டு. அவ்வூரில் 17ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் எழுப்பப்பட்ட பெருமாளிகையொன்று 1718ஆம் ஆண்டில் தீக்கிரையாயிற்று. இன்று அங்குச் செல்வோர் காண்பது புல்வெளியையும் அதன் நடுவே இணை இணையாக நிற்கும் செங்கல் வாயில் தூண்களையும்தான். தூண்களுக்கு இடையே கதவில்லை. கதவுக்கு அப்பால் வீடுமில்லை. ஆயினும் அவ்வீடு எப்படி இருந்தது என்பதை நம்மால் ஓரளவு விரிவாகவே சொல்ல முடிகிறது. நெருப்புக்குப் பத்தாண்டுகள் முன்னரே டச்சு நாட்டார் இருவர் அதைச் செப்புத் தகட்டில் செதுக்கி அச்சிட்டு வைத்திருந்தார்கள்.

மாளிகையின் கதையைத் தொடங்குமுன் அதைக் கட்டியவரின் கதையைச் சொல்லியாக வேண்டும். வில்லியம் கிரேவன் என்ற பெயரில் தந்தையும் மகனும் இருவர். தந்தை யார்க்‌ஷியரின் மலைப்பகுதியிலுள்ள ஆப்பிள்ட்ரீவிக் என்ற ஊரில் எளிய குடும்பத்தில் பிறந்தவர். சிறுவயதில் லண்டனுக்கு அனுப்பப்பட்டு, துணி வணிகரிடம் தொழில் பழகி, பெரும் பொருள் ஈட்டி, 1610ஆம் ஆண்டில் லண்டன் மாநகரத் தலைவராக உயர்ந்தார். 1618இல் அவர் மறைந்தபோது மகனுக்கு வயது பத்து. அச்செல்வம் முழுவதையும் அடைந்த மகன் வணிகத்தை நாடவில்லை, வாளை நாடினார். 1608இல் பிறந்த அவர், இருபது வயது நிரம்புமுன்பே பாரன் பட்டம் பெற்றார். அவருடைய வாழ்க்கையின் திசையை மாற்றியவர் ஓர் அரசி.

அந்த அரசி எலிசபெத் ஸ்டூவர்ட். இங்கிலாந்து மன்னர் முதலாம் ஜேம்ஸின் மகள். 1613ஆம் ஆண்டு பிப்ரவரி 14ஆம் நாள், ஜெர்மானிய நிலத்தின் பலட்டினேட் சிற்றரசர் ஐந்தாம் ஃபிரெடரிக்கை மணந்து ஹைடல்பெர்க் கோட்டைக்குச் சென்றார். 1619இல் பொஹீமியாவின் மணிமுடி ஃபிரெடரிக்கைத் தேடி வந்தது. இருவரும் பிராகா நகரில் முடிசூடினர். அடுத்த ஆண்டு நவம்பரில் பிராகாவுக்கு அருகிலிருந்த வெள்ளை மலையில் நடந்த போரில் எல்லாம் முடிந்தது. ஒரே ஒரு பனிக்காலம் நீடித்த ஆட்சி என்பதால் அவரைப் ‘பனிக்கால அரசி’ என வரலாறு அழைக்கிறது. முதலில் அது பகைவர் இட்ட ஏளனப் பெயர். பிற்காலத்தார் அதில் பரிவைக் கண்டனர். நாடிழந்த அரசி ஹாலந்தின் ஹேக் நகரில் நாற்பது ஆண்டுகள் அகதியாய் வாழ்ந்தார். 1632இல் கணவரும் இறந்தார்.

இளைஞர் கிரேவன் இவ்வரசியின் பொருட்டுத் தம் உடலையும் பொருளையும் பணயம் வைத்தார். 1632இல் குரோய்ட்ஸ்னாக் கோட்டை முற்றுகையில் போரிட்டார். 1638இல் அரசியின் மகன் ரூப்பர்ட்டுடன் வ்லோட்டோவில் சிறைப்பட்டு, 20,000 பவுன் மீட்புத்தொகை செலுத்தி வெளிவந்தார். உள்நாட்டுப் போரில் மன்னர் முதலாம் சார்ல்ஸுக்குப் பணம் கொடுத்தார். அதன் பயனாக, வெற்றி பெற்ற நாடாளுமன்றம் 1651இல் அவருடைய நிலங்கள் அனைத்தையும் பறிமுதல் செய்தது. 1660இல் மன்னராட்சி மீண்ட பிறகே அவை அவர் கைக்குத் திரும்பின.

இங்கே நம் ஆய்வின் மையக் கேள்விக்கு வருகிறோம். ஹாம்ஸ்டெட் மார்ஷல் மாளிகையைக் குறிப்பிடும் நூல்கள் வழக்கமாக ஒரு செய்தியைச் சொல்லும்: நாடிழந்த அரசிக்காகவே கிரேவன் இம்மாளிகையை எழுப்பினார், அவர் இழந்த ஹைடல்பெர்க்கின் சாயலிலேயே அதை அமைத்தார், வீடு முடியுமுன் அரசி இறந்துவிட்டார், பின்னர் வீடும் எரிந்தது. கேட்பவர் நெஞ்சைத் தொடும் கதை இது. இருவரும் இரகசியமாக மணந்துகொண்டனர் என்றுகூட வதந்தி உண்டு; அதற்குச் சான்றில்லை. கிரேவன் இறுதிவரை மணம் செய்துகொள்ளவில்லை என்பது மட்டும் உண்மை. வகுப்பறையில் இக்கதையைச் சொன்னால் மாணவர்கள் அமைதியாகக் கேட்பார்கள். அதனாலேயே ஆசிரியர் சற்று நிதானிக்க வேண்டியிருக்கிறது.

முதலில் நாள்களைக் கணக்கிடுவோம். எலிசபெத் 1661ஆம் ஆண்டு மே மாதத்தில் இங்கிலாந்து திரும்பினார். அவருடைய தம்பி மகனாகிய மன்னர் இரண்டாம் சார்ல்ஸ் அவர் வருகையில் பெரிய ஆர்வம் காட்டவில்லை. லண்டனில் கிரேவனுக்குச் சொந்தமான டிரூரி மாளிகையில்தான் அவர் தங்கினார். பிறகு லெஸ்டர் மாளிகைக்கு மாறினார். மாறிய சில நாள்களிலேயே, 1662 பிப்ரவரி 13ஆம் நாள், அங்கேயே இறந்தார். மறுநாள் அவருடைய நாற்பத்தொன்பதாம் திருமண நாள். ஆக, தாய்நாட்டில் அவர் வாழ்ந்தது ஏறத்தாழ ஒன்பது மாதங்கள். ஹாம்ஸ்டெட் மார்ஷலின் கட்டுமானப் பணி தொடங்கியதோ ஏறத்தாழ அவர் இறந்த காலத்தை ஒட்டி. வடிவமைத்த சர் பால்தசார் கெர்பியர் 1663இல் இறந்து அவ்வூர்த் தேவாலயத்திலேயே அடக்கம் செய்யப்பட்டார். அவருக்குப் பின் பணியை ஏற்ற வில்லியம் வைண்ட் பல்லாண்டுகள் அதைத் தொடர்ந்தார். அரசி மறைந்த பிறகும் இத்தனைக் காலம் ஒரு வீடு வளர்ந்துகொண்டே போயிற்று என்றால், அதை அரசிக்காக மட்டுமே கட்டிய வீடு என்று எப்படிச் சொல்வது?

இரண்டாவது சான்று ஓவியம். இதில்தான் சற்று நின்று பேச விரும்புகிறேன்.

1707ஆம் ஆண்டில் லண்டனில் ‘பிரிட்டானியா இல்லஸ்ட்ராட்டா’ என்ற பெருந்தொகுப்பு வெளிவந்தது. அரண்மனைகளையும் பிரபுக்களின் நாட்டுப்புற மாளிகைகளையும் காட்டும் 80 ஓவியத் தாள்கள் கொண்டது அது. ஹார்லெம் நகரத்தவரான லியோனார்ட் நைஃப் வரைந்தார். ஆம்ஸ்டர்டாம் நகரத்தவரான யான் கிப் தகட்டில் செதுக்கினார். அத்தொகுப்பிலுள்ள தாள்களில் ஒன்று ஹாம்ஸ்டெட் மார்ஷல்.

இக்காட்சிகள் பறவை வானிலிருந்து நோக்குவதுபோல் அமைந்தவை. மனிதன் வெப்பக்காற்றுக் கூண்டில் முதன்முதலாக வானேறியது 1783இல்தான். எனவே நைஃப் அந்தக் காட்சியை ஒருபோதும் கண்ணால் கண்டவரல்லர். தரையில் நடந்து, தோட்டத்தின் நீள அகலங்களைக் குறித்து, கட்டடத்தின் முகப்பை வரைந்து, அவற்றையெல்லாம் மனத்தில் கூட்டி, இல்லாத ஓரிடத்திலிருந்து பார்த்ததாக எழுதினார். இதைப் பொய் என்று ஒதுக்கிவிட முடியாது. அளவையும் கற்பனையும் கலந்த ஒருவகை நிலப்படம் என்று கொள்வதே பொருந்தும். அத்தாளைப் பார்க்கும் மாணவர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, ‘வரைந்தவர் எங்கே நின்றார்?’ என்பதாகும்.

அடுத்து, தகடு. வழவழப்பாகத் தேய்த்த செப்புத் தகட்டில் கூரிய எஃகு முனையால் கோடுகளைக் கீறுவார்கள்; சில கோடுகளை அமிலம் அரித்து உண்டாக்கும். பிறகு மையைத் தடவித் துடைத்தால், மேற்பரப்பு தூய்மையாகி, கீறல்களில் மட்டும் மை தங்கும். ஈரப்படுத்திய தாளை அதன்மேல் வைத்து உருளைகளுக்கிடையே அழுத்தி எடுப்பர். தகட்டில் இடப்புறம் இருப்பது தாளில் வலப்புறமாகும். ஆகவே செதுக்குபவர் உலகைத் தலைகீழாக அன்று, கண்ணாடியில் காண்பதுபோல் பக்கம் மாற்றி நினைக்கப் பழகியிருக்க வேண்டும். எழுத்துகளையும் அப்படியே பக்கம் மாற்றிச் செதுக்க வேண்டும். ஒரு தகட்டிலிருந்து நூற்றுக்கணக்கில் படிகள் எடுக்கலாம். எடுக்க எடுக்கக் கோடுகள் தேய்ந்து மங்கும். பழைய அச்சுப்படிகளை ஆராய்பவர் கோட்டின் கூர்மையைக் கொண்டே முற்பட்ட படியா பிற்பட்ட படியா என்று சொல்வார். கிப்பின் தகடுகள் பதிப்பாளர் கைகளில் மாறி 1720களிலும் அச்சேறின. அதாவது, மாளிகை சாம்பலான பின்னும் அதன் ஓவியம் புதுத் தொகுப்புகளில் விற்பனைக்கு வந்தது. வாங்கியவர்களில் எத்தனை பேர் அதை இன்னும் நிற்கும் வீடாகவே நினைத்திருப்பார்கள்!

மூன்றாவது கேள்வி, ‘பணம் கொடுத்தவர் யார்?’ என்பது. இத்தகைய தொகுப்புகள் முன்பணம் செலுத்தும் சந்தாதாரர்களை நம்பி வெளிவந்தவை. சந்தாதாரர்களில் பலர் மாளிகை உரிமையாளர்களே. ஒவ்வொரு தாளின் அடியிலும் மாளிகையின் பெயர், மாவட்டம், உரிமையாளரின் பட்டம் ஆகியவை பொறிக்கப்படும். பணம் தந்தவர் மனம் குளிர வேண்டும். எனவே மரங்கள் ஒழுங்காக வளர்ந்திருக்கும். சுவர்கள் செவ்வையாக இருக்கும். முற்றத்தில் குதிரைவண்டி ஒன்று வந்துகொண்டிருக்கும். இடிந்த கொட்டகையும், குப்பை மேடும், அடுக்களைப் புகையால் கறுத்த சுவரும் தகட்டில் ஏறா. அண்மையில் நட்ட கன்றுகளை வளர்ந்த மரங்களாகக் காட்டுவதும் உண்டு. எறும்பளவில் தோட்டக்காரர் சிலரைக் காண்கிறோம், அவர்களுக்குப் பெயரில்லை. இவ்வளவு பெரிய தோட்டத்தைக் கத்தரித்து நிறுத்தக் கைகள் பல தேவைப்பட்டிருக்கும் என்பதை அந்த நேர்கோடுகளிலிருந்துதான் உய்த்துணர வேண்டும்.

இத்தனை எச்சரிக்கைகளுக்குப் பிறகும் ஓவியம் பயனற்றதாகிவிடவில்லை. அதில் காணும் மதில்களையும் வாயில்களையும் நிலத்தில் சோதிக்க முடிகிறது. இன்றும் நிற்கும் தூண்கள் அக்காட்சியில் மதில்களின் இடையே அமைந்த வாயில்களோடு பொருந்துகின்றன. தூண்கள் பொய் சொல்லவில்லையென்றால், அருகிலுள்ள முகப்பைப் பற்றியும் நைஃப் பெரிதாகப் பொய் சொல்லியிருக்க மாட்டார் என்று துணியலாம். வைண்ட் காலத்து வரைபடங்கள் சிலவும் எஞ்சியுள்ளன. ஒரு சான்றை இன்னொன்றோடு உரசிப் பார்க்கும் இவ்வழியையே மாணவர்கள் பழக வேண்டும் என்பேன்.

இப்போது ஹைடல்பெர்க் கதையைச் சோதிப்போம். ஹைடல்பெர்க் கோட்டையும் செப்புத் தகட்டில் பதிவானதே. மத்தேயஸ் மெரியன் 1620இல் வெளியிட்ட நகரக் காட்சி புகழ்பெற்றது. மலைச்சரிவில், நெக்கர் ஆற்றுக்கு மேலே, பல தலைமுறையினர் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டிய கோபுரங்களும் கொத்தளங்களும் மாளிகைப் பகுதிகளுமாக அது நிற்கிறது. கிப்பின் தாளில் நாம் காண்பதோ ஒரே காலத்தில் ஒரே எண்ணத்தோடு திட்டமிட்ட, அடக்கமான, சன்னல் வரிசைகள் சீராய் அமைந்த ஒற்றைக் கட்டடம். சுற்றிலும் மதிலிட்ட தோட்டங்கள். மன்னராட்சி மீண்ட காலத்து ஆங்கிலப் பிரபுக்கள் விரும்பிய பாணி அது. இரு தாள்களையும் அருகருகே வைத்தால் ஒரு பள்ளி மாணவரே சொல்லிவிடுவார்: சாயல் இல்லை. தோட்டத்தின் பெருமிதத்தில் ஹைடல்பெர்க்கின் நினைவு இருந்திருக்கலாம் என்று வேண்டுமானால் வாதிடலாம். அங்கே ஃபிரெடரிக்குக்காகச் சலமோன் தெ கௌ அமைத்த ‘ஹோர்ட்டஸ் பலட்டினஸ்’ தோட்டம் முற்றுப்பெறாமலே போர் வந்தது. அதுவும் இன்று பெரும்பாலும் ஓவியத்தின் வழியாகவே அறியப்படுகிறது. அந்தக் கோட்டையும் 17ஆம் நூற்றாண்டின் இறுதியில் பிரெஞ்சுப் படைகளால் சிதைக்கப்பட்டது. 1764இல் மின்னல் தாக்கி எஞ்சியதும் எரிந்தது. அவ்வரசியை ஒட்டிய வீடுகளுக்கு நெருப்போடு ஏதோ பகை போலும்.

அப்படியானால் அரசியின் கதை முழுதும் கட்டுக்கதையா? அவ்வளவு தூரம் செல்ல எனக்கு விருப்பமில்லை. தம் நிலங்களை இழந்து மீண்டும் பெற்ற ஒருவர், 1665இல் ஏர்ல் பட்டமும் பெற்றவர், தம் மதிப்புக்கேற்ற மாளிகை கட்டுவது இயல்பு. அதற்கு அரசி ஒருத்தி காரணமாக வேண்டியதில்லை. அதே வேளையில், அரசியின் உறவினருடைய உருவப்படங்கள் கிரேவனிடம் வந்து சேர்ந்தன. அவர் கட்டிய இன்னொரு வீடாகிய ஆஷ்டவுன் மாளிகையின் படிக்கட்டுச் சுவர்களில் அவற்றுட் சில இன்றும் தொங்குகின்றன. அவர் அரசியை மறந்தவரல்லர். சான்று அனுமதிக்கும் தொலைவு இதுவே: வீட்டை எழுப்பியது பெரும்பாலும் அவருடைய குலப்பெருமை, அரசியின் நினைவு அதில் குடியிருந்திருக்கலாம். கதையை இவ்வளவு குறைத்துச் சொன்னால் மாணவர் ஆர்வம் குன்றுமே என்று ஆசிரியர்கள் அஞ்ச வேண்டா. கதை எந்த இடத்தில் சான்றைவிட்டு விலகுகிறது என்பதைத் தாமே கண்டுபிடிக்கும்போது அவர்கள் அடையும் மகிழ்ச்சியை நான் பலமுறை கண்டிருக்கிறேன்.

கிரேவனைப் பற்றிச் சொல்லாமல் விடக்கூடாத செய்தி ஒன்று உண்டு. 1665இல் லண்டனைக் கொள்ளைநோய் வாட்டியபோது செல்வர்கள் ஊரைவிட்டு ஓடினர், அவர் ஓடவில்லை. நோயாளிகளைப் பேணவும் இறந்தோரைப் புதைக்கவும் நிலம் அளித்தார். மறுஆண்டு பெருந்தீ மூண்டபோது ஒழுங்கைக் காக்கும் பணியில் நின்றார். அதன்பின் லண்டனில் எங்கே தீப்பிடித்தாலும் முதுமையிலும் குதிரையேறி விரைந்து செல்வாராம். அவருடைய குதிரை நெருப்பை மோப்பத்தாலேயே அறிந்துகொள்ளும் என்று ஊரார் வேடிக்கையாகப் பேசிக்கொண்டனர். 1688இல், எண்பது வயதில், டச்சு வீரர்கள் அரண்மனைக் காவலை ஏற்க வந்தபோது, மன்னரே ஆணையிடும்வரை தம் காவற்படையை விலக்க மறுத்தவரும் அவரே. 1697இல் அவர் இறந்தார். ஏர்ல் பட்டம் அவரோடு முடிந்தது. பாரன் பட்டமும் நிலமும் உறவினருக்குச் சென்றன. இருபத்தோராண்டுகள் கழித்து அவருடைய வீட்டை நெருப்பு தேடி வந்தபோது, மோப்பம் பிடிக்கும் குதிரையும் இல்லை. அதன்மேல் வந்திறங்க ஆளும் இல்லை.

நாட்டுப்புற மாளிகைகள் ஏன் அத்தனை எளிதில் எரிந்தன என்று மாணவர்கள் கேட்பார்கள். வெளியே செங்கல்லும் கல்லும் தெரிந்தாலும் உள்ளே கூரைச் சட்டம், தளம், படிக்கட்டு, சுவர்ப் பலகை யாவும் காய்ந்த மரம். அறைதோறும் கணப்பு, இருள் வந்தால் மெழுகுவத்தி. புகைபோக்கியின் உட்புறத்தை ஒட்டிச் செல்லும் உத்தரம் ஒன்று நாள்கணக்கில் கனன்றுகொண்டிருந்தால்கூட எவருக்கும் தெரியாது. பெருந்தீக்குப் பிறகு லண்டனில் தீக்காப்பீட்டு நிறுவனங்கள் தோன்றித் தம் சொந்தத் தீயணைப்புப் பணியாளர்களை வைத்துக்கொண்டன. நாட்டுப்புறத்தில் அப்படி எவருமில்லை, வாளிகளும் வேலைக்காரர்களும்தான். காற்று வீசும் இரவில் அவற்றால் பெரிதாக ஒன்றும் செய்ய இயலாது.

நெருப்புக்கு முன் ஓவியம் வரைந்துவைத்தவர்கள் வேறிடத்திலும் உண்டு. பிராகாவில் 1607இல் பிறந்த வென்செஸ்லாஸ் ஹோலர், லண்டனின் பழைய புனித பவுல் பேராலயத்தைச் செதுக்கிய தகடுகள் 1658இல் நூலாக வெளிவந்தன. எட்டாண்டுகளில் அக்கட்டடம் எரிந்தது. தீக்கு முன்பும் பின்பும் லண்டன் எப்படி இருந்தது என்பதை ஒரே தாளில் மேலும் கீழுமாகக் காட்டியவரும் அவரே. ஹாம்ஸ்டெட் மார்ஷலுக்கு அத்தகைய ‘பின்பு’ தாள் கிடைக்கவில்லை. ‘முன்பு’ மட்டுமே உள்ளது.

நம் நாட்டு மாணவர்களுக்கு இப்பயிற்சியைத் தொடங்கப் பார்க்‌ஷியர் வரை செல்ல வேண்டியதில்லை. பினாங்கின் காட்சிகளைக் கேப்டன் ராபர்ட் ஸ்மித் வரைய, வில்லியம் டேனியல் 1821இல் செப்புத் தகட்டு முறையிலேயே அச்சிட்டார். அவற்றுள் சஃபோக் மாளிகையும் உண்டு. அது பாழடைந்து பின்னர்ச் சீரமைக்கப்பட்டு, இன்று ஜார்ஜ் டவுனில் நிற்கிறது. தாளைக் கையில் ஏந்தி அவ்வீட்டின் எதிரே நின்று, ஓவியர் எதைக் கூட்டினார், எதைக் குறைத்தார் என்று மாணவர் கண்ணாலேயே சரிபார்க்கலாம். அந்தப் பழக்கம் வந்த பிறகு, சரிபார்க்க வீடில்லாத கிப்பின் தாளை அவர்களிடம் கொடுங்கள்.

வரலாறு சில வேளைகளில் வேடிக்கையான தற்செயல்களைக் காட்டும். கட்டி முடித்த வைண்ட், வரைந்த நைஃப், செதுக்கிய கிப் ஆகிய மூவரும் 1722ஆம் ஆண்டிலேயே இறந்தார்கள். தாம் ஆளுக்கொரு வகையில் உருவாக்கிய மாளிகை எரிந்த நான்கு ஆண்டுகளுக்குள் அவர்களும் போனார்கள். ஹாம்ஸ்டெட் மார்ஷலின் தூண்கள் இன்று உயர்தரப் பாதுகாப்புப் பட்டியலில் இடம்பெற்றுள்ளன. அவற்றைச் சுற்றிய நிலத்தில் ஆடுமாடுகள் மேய்கின்றன. தூண்களின் வரிசையை விட்டு விலகாமல் நடந்தால், கிப்பின் தாளில் குதிரைவண்டிகள் சென்ற அதே கோட்டில் நடக்கலாம்.